கோட்டைக்குள் மட்டும் பேச்சு உண்டு

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் யாரும் மனுஷ உருவத்தில் வந்து நிற்பதில்லை. கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒருவர் வருவார், சிறகு முளைத்த ஒருவர் வருவார், முதுகில் ஆளுயரக் கோடாரியைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். வந்து நின்று, "மேடம், பாஸ்வேர்டு மறந்து போச்சு" என்பார்.

கஸ்டமர் கேரில் வேலை பார்த்த, பார்க்கிற, பார்த்துப் பாதியில் ஓடிப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. நீங்கள் போனில் வாங்கிய திட்டை நான் கோட்டை வாசலில் நின்று வாங்கினேன், வித்தியாசம் அவ்வளவுதான். கோட்டை என்பது ஒரு ஆன்லைன் விளையாட்டு. நிஜப் பெயர் வேறு, அதைச் சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் கோட்டை என்றுதான் சொன்னார்கள். ஒரே நேரத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, படை சேர்த்துப் பூதங்களோடு சண்டை போடலாம். தயாரித்தது வெளிநாட்டுக் கம்பெனி. இந்தியக்காரர்களுக்கென்று தனி சர்வர் ஒன்று வைத்திருந்தார்கள். அதைக் காவல் காக்கிற வேலை திருப்பதியில் ஒரு மாடி அறையில் நடந்தது. வெள்ளை அங்கி போட்ட நெட்டை உருவம் ஒன்று விளையாட்டுக்குள் நடமாடும். புகார் கொடுத்தால் வந்து நிற்கும். அந்த உருவம் நான்தான். புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால் என் நைனா, அதாவது அப்பா, "கம்ப்யூட்டர்ல வாட்ச்மேன் வேலை" என்று சொல்லிவிடுவார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

பூதம் காத்திருக்காது

நான் சேர்ந்த புதிது. அப்போதெல்லாம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் குறைவு. நெட் சென்டரில் மரத்தடுப்புக்குள் உட்கார்ந்துதான் எல்லோரும் கோட்டைக்கு வந்தார்கள். நகரியிலிருந்து ஒரு தறிக்காரர் வருவார். விளையாட்டுக்குள் அவர் பெரிய மந்திரவாதி, தாடி முழங்கால் வரைக்கும் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் பூதத்தின் உயிர் கடைசிச் சொட்டில் இருக்கும்போது நகரியில் கரண்ட் போய்விட்டது. மந்திரவாதி நட்டநடுவில் மரம் மாதிரி நின்றார். பூதம் அடித்துப் போட்டது. அவர் கையிலிருந்து விழுந்த மந்திரக்கோலை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கரண்ட் வந்ததும் புகார் வந்தது. கம்பெனி சொல்லிக்கொடுத்தபடி, "உங்கள் பக்கத்து மின்தடைக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது" என்று எழுதினேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அந்த வருத்தம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"எங்க ஊர்ல மத்தியானம் கரண்ட் போவும்னு தறிக்குக்கூடத் தெரியும் மேடம், உங்க பூதத்துக்குத் தெரியாதா?"

சிபாரிசு

எங்கள் ஆபீஸ் திருப்பதியில் இருக்கிறது என்பது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. திருப்பதியில் வசிக்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். தூரத்துச் சொந்தம், பழைய டீச்சர், ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் எல்லோரும் தரிசனத்துக்கு வழி கேட்பார்கள். எங்களிடம் வேதாளங்களும் சேனாதிபதிகளும் கேட்டார்கள். எங்கள் மேனேஜர் பிரசாத் சார் திருப்பதியில் பிறந்து வளர்ந்தவர். அவரே மலைக்குப் போனால் இலவச வரிசையில்தான் நின்று வருவார். அதைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

ஒருமுறை திருட்டு மென்பொருள் போட்டு விளையாடிய ஒருவரைப் பிடித்து உள்ளே வர முடியாதபடி தடை போட்டேன். கம்பெனி விதிப்படி அவர் மேல்முறையீடு செய்யலாம். மறுநாளே செய்தார். திட்டி எழுதியிருப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன்.

"தடையை அப்புறம் பாத்துக்கலாம் மேடம், வர்ற சனிக்கிழமை தரிசனத்துக்கு ஏதாவது வழி பண்ணுங்க."

குதிரைக்குத் தீனி

வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரசாத் சார் என்னிடம் சொல்லிவிட்டார்: "ரெண்டேள்ளு, அந்தேம்மா." இரண்டு வருஷம், அவ்வளவுதான், அதற்குள் வேறு வேலை பார்த்துக்கொள் என்று அர்த்தம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புதிது புதிதாக விளையாட்டுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் புல் அசையும், தண்ணீரில் நிழல் விழும். எங்கள் கோட்டையில் மரமெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டினது போல நிற்கும். விளையாடிக்கொண்டிருந்தவர்களும் பெங்களூர், ஐதராபாத், குவைத், அமெரிக்கா என்று ஒவ்வொருவராகப் பிழைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது என் வெள்ளை அங்கிக்கு முன்னால் வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். நானும் கையசைத்து அனுப்புவேன். இரண்டு வருஷம் முடிந்தது. அப்புறமும் சம்பளம் வந்தது. பிரசாத் சார் இன்னொரு ரெண்டேள்ளு சொன்னார். அதுவும் முடிந்தது.

விஷயம் என்னவென்றால், போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் கல்லூரிப் பையனாக இருக்கும்போது விட்டுவிட்டுப் போனவர். அமெரிக்காவில் வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று உள்ளே வந்தார். எந்த ஆலமரத்தடியில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனாரோ, அதே இடத்தில் அதே குதிரையோடு நின்றார். குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் இதுக்கு யார் தீனி போட்டது?" என்று கேட்டார். ஆள் வெளியே போய்விட்டால் குதிரைக்குப் பசிக்காது, அப்படித்தான் விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். ஆனால் மடியில் குழந்தையோடு கேட்கிற மனுஷனிடம் அதையா சொல்வது? "நான்தான் போட்டேன்" என்றேன்.

"அதானே பாத்தேன், கொஞ்சம் குண்டாத்தான் இருக்குது."

ஃபிரெண்டு ஆகாமல் ஒரு பொருள்

இனிமேல் நான் சொல்லப் போவது இரண்டே பேரைப் பற்றி. நாகலாபுரம் பக்கத்து அண்ணன் தம்பி. அண்ணன் ஏகாம்பரம் குவைத்தில் டிரைவர். தம்பி முனிரத்தினம் சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை. கோட்டையில் ஒரே படையில் இருந்தார்கள். அண்ணன் 'டேங்க்', அதாவது கேடயம் பிடித்து முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்கிறவர். தம்பி 'ஹீலர்', பின்னால் நின்று அண்ணனுக்கு உயிர் குறையக் குறைய ஏற்றிக்கொண்டே இருக்கிறவர். ஆனால் இவர்கள் உறவு எனக்கு முதலில் தெரியாது. தம்பியிடமிருந்து ஒரு புகார் வந்தது. குகையில் அவருக்கு ஒரு சிவப்புக் கேடயம் கிடைத்திருக்கிறது, அதை டேங்கிடம் சேர்க்க வேண்டும். டேங்க் இப்போது உள்ளே இல்லை. அப்படிப்பட்டவருக்குப் பொருள் அனுப்ப வேண்டுமானால் அவரை ஃபிரெண்டாகச் சேர்த்திருக்க வேண்டும். "ஃபிரெண்டு ஆகாம பொருள் குடுக்க வழி இருக்குதா மேடம்?" என்று கேட்டிருந்தார். சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே, ஒரு பட்டன்தானே என்றேன். "அதெல்லாம் ஆவாது மேடம். அவரு எங்க அண்ணன்" என்று பதில் வந்தது.

பிறகு இரண்டு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தம்பி புது வீடு கட்டியிருக்கிறார். குவைத் முதலாளி அண்ணனுக்கு லீவு கொடுக்கவில்லை. "ரெண்டு மாசம் நிக்க மாட்டானா?" என்பது அண்ணன் கட்சி. "முகூர்த்தம் நிக்குமா?" என்பது தம்பி கட்சி. அண்ணன் இல்லாமலே கிரகப்பிரவேசம் நடந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் 'பேச்சு இல்லை' என்றால் சும்மா இல்லை. எதிரே வந்தால் இன்னொரு தெரு வழியாகப் போவார்கள். அண்ணன் லீவில் வந்தால் நாயுடுபேட்டை மாமியார் வீட்டில் இறங்குவார். அவர்களுடைய நைனா தம்பியோடு இருக்கிறார். அவரை நாகலாபுரம் கோயிலுக்கு வரச்சொல்லி அண்ணன் பார்த்துவிட்டுப் போய்விடுவார். புது வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனால் படையைவிட்டு இரண்டு பேருமே விலகவில்லை. அவன் போகட்டும் என்று அண்ணனும், அவர் போகட்டும் என்று தம்பியும் அங்கேயே இருந்துவிட்டார்கள். பூதத்தோடு சண்டை போடும்போது மட்டும் பேசிக்கொள்கிறீர்களே என்று அண்ணனைக் கேட்டேன். "அடி வாங்கிக்கினு இருக்கும்போது 'ஹீல் போடு'ன்றது பேச்சா மேடம்? அது வேலை" என்றார்.

கடைசியில் தம்பியிடமிருந்து கேடயத்தை வாங்கி, அண்ணன் உள்ளே வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விதிப்படி நான் அதையெல்லாம் செய்யக்கூடாது. பிரசாத் சார் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். அண்ணன் கேடயத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"யாரு குடுத்ததுன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க மேடம். ஆனா எனக்கு சேப்புதான் புடிக்கும்னு குடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்குது."

ஆஸ்பத்திரி நியூஸ்

அந்தப் படையில் புதிதாகச் சேர்ந்த பெங்களூர்ப் பையன் ஒருவன் ஆத்திரத்தோடு எழுதியிருந்தான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது இரண்டு பேர் ஆஸ்பத்திரி நியூஸ் வாசிக்கிறார்கள், படை மொத்தமும் செத்துப்போகிறது, நடவடிக்கை எடுங்கள் என்று. புகார் வந்தால் படையின் அரட்டையை எடுத்துப் படிக்க எனக்கு அனுமதி உண்டு. படித்தேன். பனிப்பூதம் எல்லோரையும் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறது. அதன் நடுவே ஹீலர் எழுதுகிறார்: "பொதுவா சொல்றேன். நைனாவுக்கு முட்டி ஆபரேசன் முடிஞ்சிருச்சி." டேங்க் எழுதுகிறார்: "யாரோ ஒருத்தரோட நைனா நல்லா இருக்கறார்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். நடக்கறாரா?" ஹீலர்: "நாளைக்கு நடக்க வெப்பாங்களாம். யாருக்காவது தெரியணும்னா." இதை எழுதி முடிப்பதற்குள் உயிர் ஏற்ற ஆளில்லாமல் டேங்க் விழுந்தார், அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள். பழைய ஆட்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. செத்துக்கிடந்தபடியே ஒருவர், "பெரியவருக்கு ஷுகர் இருக்குதா?" என்று பொதுவாகக் கேட்டிருந்தார்.

படித்துவிட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்த விதிப்படி நடவடிக்கை எடுப்பது? பெங்களூர்ப் பையனுக்கு அண்ணன் தம்பி கதையைச் சுருக்கமாக எழுதி, தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் அவனிடமிருந்து பதில் வந்தது.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம். அந்தப் பெரியவர் நடந்தாரான்னு மட்டும் தெரிஞ்சா சொல்லுங்க."

யார் முதலில்

பிரசாத் சாரின் ரெண்டேள்ளு ஒரு வழியாக வந்து சேர்ந்தது. இந்திய சர்வரை மூடப் போவதாக வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது. ஆட்கள் இருந்தார்கள், ஆனால் கம்பெனி எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. விளையாட்டுக்குள்ளே ஒவ்வொரு ஊர் வாசலிலும் போய் நின்று நான்தான் அறிவிப்புச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேலை போவதைப் பற்றிப் பெரிதாகக் கவலையில்லை; சென்னைக்குப் போனால் வேறு யாராவது திட்டுவதற்குச் சம்பளம் கொடுப்பார்கள். என் கவலை அந்த இரண்டு பேரைப் பற்றித்தான்.

ஏகாம்பரம் தனியாகக் கூப்பிட்டார். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "நைனாவுக்குப் போன் போட்டா 'நல்லா இருக்கறேன், நல்லா இருக்கறேன்'னுதான் சொல்லுவாரு மேடம். கீழ வுழுந்ததைக்கூடச் சொல்ல மாட்டாரு. நெசம் எனக்கு இங்கதான் தெரியும்" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவரால் நாகலாபுரம் கோயில்வரைக்கும் வர முடியவில்லை. அடுத்த லீவில் அவரைப் பார்க்க வேண்டுமானால் அந்த வீட்டுக்குள்தான் போக வேண்டும். போகவும் மனசு வரவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. கோட்டையும் மூடிவிட்டால் நைனாவைப் பற்றி நிஜமான சேதி ஒன்றும் வராது. எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி நம்பர் உங்களிடம் இருக்கிறதல்லவா? ஒரு தடவை போன் போடுங்களேன்" என்று கேட்டேவிட்டேன்.

"போன் போட்டா யாராவது ஒருத்தர் மொதல்ல 'அலோ' சொல்லணும் மேடம். யார் சொல்றது?"

முடியைத் தொட்டால்

மூடப்போகிற செய்தி கேட்டு முனிரத்தினம் ஒரு காரியம் செய்தார். படை அரட்டையில் எல்லோர் முன்னாலும் ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டார்: கோட்டை மூடாமல் இருந்தால் தன் ஹீலரின் முடியைக் காணிக்கையாகக் கொடுப்பதாக. அந்த ஹீலருக்கு இடுப்புவரை வெள்ளை முடி. திருவிழாப் போட்டியில் ஜெயித்துக் கிடைத்தது, வேறு யாரிடமும் கிடையாது. பொம்மையின் முடியை வேண்டிக்கொள்வார்களா என்று அவரைக் கேட்டேன். "என் தலையில இருக்கறதே கொஞ்சம் மேடம். சாமிக்குக் கொறையா குடுக்கக்கூடாதுன்னுதான்" என்றார். அவரைப் பார்த்துப் படையில் மற்றவர்களும் வேண்டிக்கொண்டார்கள். டேங்கும் வேண்டிக்கொண்டார். "ஹெல்மெட்டைக் கழட்டினதே கிடையாது, உள்ளே முடி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஒருவர் அவரைக் கிண்டல் செய்தார்.

கோட்டை மூடவில்லை. பழைய விளையாட்டுகளை வாங்கி நடத்துகிற ஒரு சின்னக் கம்பெனி, எங்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. போனிலிருந்தே படை அரட்டையைப் படிக்கவும் எழுதவும் வசதி செய்துகொடுத்தது. எல்லோரும் மலையப்பன் கிருபை என்றார்கள். அடுத்த வாரமே படையிலிருந்து புகார் வந்தது: மொட்டை வேண்டும். எங்கள் விளையாட்டில் எத்தனையோ தினுசில் முடி உண்டு, மொட்டை மட்டும் இல்லை. புது முதலாளிகளுக்கு எழுதினேன். ஏன் ஒருவர் கஷ்டப்பட்டு வாங்கிய முடியை இழக்க விரும்புகிறார், ஏதாவது கோளாறா என்று அவர்களுடைய இன்ஜினியர் கேட்டார். வேண்டுதல் என்றால் என்ன, மலை என்றால் என்ன, முடி கொடுப்பது என்றால் என்ன என்று இங்கிலீஷில் நீளமாக எழுதி அனுப்பினேன். மனுஷன் மரியாதையாகத்தான் பதில் போட்டார். இந்த முடியையெல்லாம் செய்தவர்கள் எப்போதோ வேலையைவிட்டுப் போய்விட்டார்கள்; எது எதோடு பின்னிக்கிடக்கிறதென்று இப்போது யாருக்கும் தெரியாது; ஒரு முடியைத் தொட்டால் கோட்டையே விழுந்தாலும் விழுந்துவிடும் என்று.

படையில் பெரிய தர்க்கம் நடந்தது. பொம்மைக்குத்தானே வேண்டிக்கொண்டோம், முடியாவிட்டால் சாமி புரிந்துகொள்ளும் என்று சிலர். உண்டியலில் ஏதாவது போட்டுவிடலாம் என்று சிலர். முனிரத்தினம் பயந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன். வேண்டுதலை நிறுத்திவைத்தால் நைனாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று என்னிடம் ஒருதரம் கேட்டிருந்தார். அப்போது டேங்க் பொதுவாக எழுதினார்.

"வேண்டிக்கினா வேண்டிக்கினதுதான். பொம்மைக்கு எடுக்க முடியலன்னா பொம்மைக்குச் சொந்தக்காரன் எடுக்கணும். எனக்கு அடுத்த மாசம் லீவு. யாருக்காவது தெரியணும்னா."

சந்தனம்

கல்யாண கட்டாவுக்கு, அதாவது மலைமேல் முடி எடுக்கிற கூடத்துக்கு, படையில் வர முடிந்தவர்கள் வந்திருந்தார்கள். பெங்களூர்ப் பையனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். நானும் பிரசாத் சாரும் போயிருந்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "நீங்கதான் கோடாரியா?" "இல்ல சார், நான் சிறகு" என்று விசாரித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும், "மேடம், நீங்க இவ்ளோ குட்டையா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஏகாம்பரம் நாயுடுபேட்டையிலிருந்து தனியாக வந்தார். முனிரத்தினம் சத்தியவேட்டிலிருந்து தனியாக வந்தார். முன்னவர் கொஞ்சம் பருமன், பின்னவர் ஒல்லி; மூக்கு மட்டும் ஒரே அச்சு. ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்கள். ஆனால் வரிசையில் டோக்கன் அடுத்தடுத்து விழுந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் சம்மணம் போட்டுத் தலையைக் குனிந்தார்கள். தம்பியின் தலையில் நிஜமாகவே அவ்வளவாக ஒன்றுமில்லை. நாவிதர் சீக்கிரம் முடித்துவிட்டார்.

குளித்துவிட்டு வெளியே வந்தபோது தம்பியின் தலையில் ஒரு இடத்தில் லேசாகக் கீறியிருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு கிண்ணம் சந்தனம் வாங்கிக் கரைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, "யாருக்காவது சந்தனம் வேணுமா? எரிச்சல் அடங்கும்" என்றார். பெங்களூர்ப் பையன் வாயைத் திறக்கப் போனான். பிரசாத் சார் அவன் காலை மிதித்தார். அண்ணன் நேராகப் போய்த் தம்பியின் தலையில் உச்சியிலிருந்து பிடரிவரை நிதானமாகத் தடவினார். கீறல் இருந்த இடத்தில் விரலை லேசாக வைத்துத் தடவினார். தம்பி சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. நானும் அழுதேன், அதிலே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தடவி முடித்ததும் தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"யாராவது தடவினா வேணாம்னா சொல்லுவாங்க மேடம்?"

கீழே இறங்கும் பஸ்ஸில்

தரிசனம் முடிந்து எல்லோரும் ஒரே பஸ்ஸில் இறங்கினோம். தம்பி முன்னால் உட்கார்ந்தார். இரண்டு சீட்டுத் தள்ளி அண்ணன், அவருக்குப் பின்னால் நான். வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் சந்தனத் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. திடீரென்று எல்லோருடைய போன்களும் சேர்ந்து முனகின. படை அரட்டை. முனிரத்தினம் எழுதியிருந்தார்: "பொதுவா சொல்றேன். நாளைக்கு மத்தியானம் வூட்டுல சாப்பாடு. யாராவது வருவாங்களான்னு நைனா கேட்டுக்கினே இருக்கறாரு. கதவைப் பூட்டறது கிடையாது."

ஏகாம்பரம் அதைப் படித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி படித்தார். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். பஸ் கடைசி வளைவு தாண்டி ஊர் தெரிகிற இடத்துக்கு வந்தபோதுதான் அனுப்பினார்: "யாரோ ஒருத்தர் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து துன்னுட்டுப் போனாலும் போவாங்க. கொழம்புல உப்பு கம்மியா போடச் சொல்லுங்க, அந்த ஒருத்தருக்குப் பிரசர்." முன் சீட்டிலிருந்து உடனே பதில் வந்தது: "தெரியும்."

படை முழுக்கப் பூவும் கைதட்டலுமாகக் குட்டிப் படங்களை அனுப்பித் தள்ளியது. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு வார்த்தை பாக்கி. முன்னால் குனிந்து, "அண்ணே, ரெண்டு சீட்டு தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறார், இதை நேரிலேயே சொல்லிவிடலாமே" என்றேன். அவர் திரும்பி, உலகம் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கு மேடம்? கோட்டையத்தான் மூடலயே."

பழைய விளையாட்டுகள் எப்படி இத்தனை வருஷம் உயிரோடு இருக்கின்றன என்று மண்டையை உடைத்துக்கொள்கிற கம்பெனிக்காரர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது, எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டவர்கள் இருக்கிறவரைக்கும் உங்களுக்குப் பயமில்லை என்பதுதான்.